கடல் கடந்து வரும் குறும்படங்கள்

நம் முன்னோர் அகப்பாடல்களைத் தொகுத்தபோது, அவற்றை அடியளவு நோக்கி வகைப்படுத்தினர். பெரும்பாலும் நான்கடி முதல் எட்டடி வரை அமைந்த பாடல்களின் தொகுதிக்குக் குறுந்தொகை என்று பெயரிட்டனர். பதின்மூன்றடி முதல் முப்பத்தோரடி வரை நீண்ட பாடல்களின் தொகுதியை நெடுந்தொகை என்றனர். அகநானூறு என்பதும் அதுவே. குறுந்தொகைப் பாடலை யாரும் நெடுந்தொகைப் பாடலின் சுருக்கம் என்று கருதுவதில்லை. சில அடிகளில் ஒரு நிலத்தையும், ஒரு பொழுதையும், ஒரு நெஞ்சின் துடிப்பையும் காட்டி அமைவது அதன் இயல்பு.

திரைப்படக் கலையிலும் இத்தகைய பாகுபாடு உண்டு. இரண்டு மணி, மூன்று மணி நேரம் ஓடுவன நெடும்படங்கள். சில நிமிடங்களில் தொடங்கிச் சில நிமிடங்களில் முடிவன குறும்படங்கள். அமெரிக்க நாட்டின் ஆஸ்கர் விருதுக் குழுவினர் 40 நிமிடத்திற்கு மேற்படாத படத்தைக் குறும்படம் எனக் கொள்வர். பொருட்செலவு மிகுதியாக வேண்டாமையின், இளைஞர்கள் தங்கள் திறனைக் காட்டுதற்கு ஏற்ற களமாகக் குறும்படம் உலகெங்கும் விளங்கி வருகின்றது. ஐரோப்பிய இளைஞர் எடுக்கும் இத்தகைய படங்களை இன்று இணையத்தின் வாயிலாக நாமும் காண்கின்றோம்.

திருவண்ணாமலையில், செங்கம் சாலையில், மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது ரமணாசிரமம். வெயிலின் கொடுமை தணிந்திருக்கும் காலத்தில், ஐரோப்பிய நாடுகளினின்று வரும் அன்பர் பலரை அப்பகுதியின் தெருக்களிற் காணலாம். அவருள் இளைஞர் சிலரின் கையில் படக்கருவி இருக்கும். பலருக்குக் கைப்பேசியே படக்கருவியாகும். மலையையும், கிரிவலப் பாதையையும், சாலையோரத்துத் துறவிகளையும், இளநீர் விற்போரையும் அவர்கள் படமாக்குவர். அப்படங்கள் இணையத்தின் வழியே அவர்தம் நாட்டாரைச் சென்றடைகின்றன. அதே வழியில் அவர்கள் நாட்டுக் குறும்படங்கள் நம்மூரை வந்தடைகின்றன. அவர்கள் நம்மைக் காண்கின்றனர். நாம் அவர்களைக் காண்கின்றோம். இப்பரிமாற்றம் எவ்வாறு தோன்றியது? இதனால் நாம் பெறத்தக்க பயன் யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

திரைப்படம் பிறந்தபோதே குறும்படமாகத்தான் பிறந்தது. 1895 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28 ஆம் நாள், பாரிஸ் நகரத்து உணவுவிடுதி ஒன்றில், லூமியேர் உடன்பிறந்தார் இருவர் கட்டணம் பெற்றுக்கொண்டு பொதுமக்களுக்குப் பத்துப் படங்களைக் காட்டினர். மூத்தவராகிய ஒகுஸ்டுக்கு அப்போது வயது 33. இளையவராகிய லூயிக்கு வயது 31. ஒவ்வொரு படமும் ஏறத்தாழ ஒரு நிமிடமே ஓடியது. தொழிலாளர் ஆலையை விட்டு வெளிவருதல், பெற்றோர் குழந்தைக்கு உணவூட்டுதல், குறும்புக்காரச் சிறுவனால் தோட்டக்காரர் நீரில் நனைதல் ஆகியவை அவற்றிற் சில. நாள்தோறும் நிகழ்வனவே அவை. எனினும் திரையிற் கண்டபோது மக்கள் வியந்தனர். ஏழு திங்கள் நிறைவதற்குள் அவர்களுடைய படங்கள் நம் நாட்டையும் எட்டின. 1896 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7 ஆம் நாள் பம்பாய் வாட்சன் விடுதியில் அவை காட்டப்பெற்றன. அதே ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாளில்தான், வேங்கடராமன் என்னும் பதினாறு வயதுச் சிறுவர் திருவண்ணாமலையை வந்தடைந்தார். பிற்காலத்தில் ரமண மகரிஷி என உலகறிந்தவர் அவரே.

பம்பாய்க்கு வந்த கலையைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்ற பெருமை கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பாருக்கு உரியது. 1883 ஆம் ஆண்டு பிறந்த அவர், திருச்சிராப்பள்ளியில் புகைவண்டித் துறையில் வரைவாளராகப் பணியாற்றி வந்தார். 1905 ஆம் ஆண்டு, ஊர் ஊராகப் படம் காட்டி வந்த டூபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். நிலையான வேலையைத் துறந்து, கூடாரம் அமைத்துப் பல ஊர்களில் படம் காட்டினார். அவர் காட்டியவை ஐரோப்பியர் எடுத்த ஊமைக் குறும்படங்கள். பின்னர் 1914 ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான திரையரங்கையும் எழுப்பினார். எனவே ஐரோப்பியரின் குறும்படத்தைத் தமிழர் காண்பது இணையம் தந்த புதுமை என்று கருதற்க. நூறாண்டுகட்கு முன்பே ஒரு தமிழிளைஞர் அதனைப் பெட்டியில் வைத்துச் சுமந்து வந்து காட்டினார்.

காலப்போக்கில் நெடும்படங்கள் தோன்றித் திரையரங்குகளைத் தமக்கே உரியனவாக்கிக் கொண்டன. எனினும் குறும்படம் அழிந்துபடவில்லை. பெருஞ்செல்வமும் பெரும்பெயரும் இல்லாத இளைஞர் அதனைக் கையாண்டனர். அவ்வாறு எழுந்த படங்களுள் மூன்றை நோக்குவோம்.

ஹாலந்து நாட்டினராகிய யோரிஸ் ஐவன்ஸ் என்பவரின் தந்தையார் படக்கருவி விற்கும் வணிகர். மகன் 1928 ஆம் ஆண்டு, தம் 29 ஆம் வயதில், பாலம் என்னும் பொருள்படும் குறும்படம் ஒன்றை எடுத்தார். ராட்டர்டாம் நகரில், கப்பல் வரும்போது நடுப்பகுதி மேலே உயர்ந்து வழிவிடும் புகைவண்டிப் பாலம் ஒன்று அக்காலத்தில் இயங்கி வந்தது. 2025 ஆம் ஆண்டு பாம்பனில் திறக்கப்பெற்ற புதிய பாலமும் அவ்வாறே உயரும் வகையினது. அப்பாலம் உயர்வதையும், கப்பல் கடப்பதையும், வண்டி காத்திருப்பதையும் பல கோணங்களில் காட்டுவதே அப்படம். அடுத்த ஆண்டு அவரும் அவர்தம் நண்பரும் சேர்ந்து எடுத்த மழை என்னும் படம் இன்னும் சிறப்புடையது. ஆம்ஸ்டர்டாம் நகரில் வானம் இருள்கின்றது, கால்வாய் நீரில் முதல் துளி விழுகின்றது, குடைகள் விரிகின்றன, கண்ணாடிப் பலகணியில் நீர் வழிகின்றது, பின்னர் மழை ஓய்கின்றது. கதை என ஒன்றும் இல்லை. நம் அக இலக்கணம் கூறும் முறையில் நோக்கினால், நகரமும் மழைக்காலமும் இதன்கண் முதற்பொருள். குடையும் கால்வாயும் கருப்பொருள். பார்ப்பவர் நெஞ்சில் எழும் அமைதி கலந்த தனிமையே உரிப்பொருள். அயல்நாட்டுப் படத்தைப் புரிந்துகொள்ள நம் பழைய இலக்கணமே நமக்குத் துணையாதல் காண்க.

இரண்டாமவர் பிரான்ஸ் நாட்டவராகிய ழான் விகோ. நோயுற்ற அவர், உடல்நலம் கருதி நீஸ் என்னும் கடற்கரை நகரில் வந்து தங்கினார். அஃது அயலூர்ச் செல்வர் பலர் வந்து பொழுதுபோக்கும் நகரம். 1930 ஆம் ஆண்டு, தம் 25 ஆம் வயதில், அந்நகரைப் பற்றி ஏறக்குறைய 25 நிமிட அளவில் ஒரு படத்தை அவர் உருவாக்கினார். கடற்கரைச் சாலையில் நாற்காலியில் சாய்ந்து வெயில் காயும் செல்வரை ஒருபுறம் காட்டினார். அந்நகரத்தின் குறுகிய சந்துகளில் வாழும் எளியோரை மறுபுறம் காட்டினார். விருந்தினர் கண்ணுக்குப் புலனாகாத நகரம் ஒன்று உண்டு என்பதை உணர்த்தியதே அப்படத்தின் ஆற்றல். அவர் 29 வயதிலேயே 1934 ஆம் ஆண்டு உயிர் நீத்தார். ஆயினும் அவர் எடுத்த மிகச்சில படங்கள் இன்றும் உலகெங்கும் திரைக்கலை பயில்வோர்க்குப் பாடமாக உள்ளன.

மூன்றாவது, மாணவர்கள் தவறாது காணத்தக்க படம். ஆல்பர் லாமோரிஸ் என்பார் 1956 ஆம் ஆண்டு வெளியிட்ட சிவப்புப் பலூன் என்பது அது. 34 நிமிடம் ஓடுவது. பாரிஸ் நகரத்துச் சிறுவன் ஒருவனுக்குச் சிவப்பு நிறப் பலூன் ஒன்று கிடைக்கின்றது. அது நாய்க்குட்டி போல அவனைத் தொடர்ந்து பள்ளிக்கும் வீட்டிற்கும் வருகின்றது. பொறாமை கொண்ட சிறுவர் கூட்டம் அதனைத் துரத்திச் சென்று உடைத்துவிடுகின்றது. அப்போது நகரிலுள்ள பலூன்கள் யாவும் பறந்து வந்து அச்சிறுவனை வானில் தூக்கிச் செல்கின்றன. இப்படத்தில் உரையாடல் மிகமிகச் சிலவே. திருவிழாவில் பலூனுக்காக ஏங்கிய தமிழ்ச் சிறுவனுக்கு இப்படம் விளங்குவதற்குப் பிரெஞ்சு மொழி அறிவு வேண்டுவதில்லை.

இங்ஙனம் படம் எடுத்தல் எளிதாயினும், அதனைக் காட்டுதல் எளிதாக இருக்கவில்லை. திரையரங்குகள் குறும்படத்திற்கு இடந்தர மறுத்தன. ஆதலின் குறும்படத்திற்கெனத் தனி விழாக்கள் தோன்றின. ஜெர்மனி நாட்டில் நிலக்கரியும் எஃகும் மிக்க ஓபர்ஹௌசன் என்னும் தொழில் நகரில் 1954 ஆம் ஆண்டு ஒரு விழா தொடங்கப்பெற்றது. 1962 ஆம் ஆண்டு அவ்விழாவில்தான் இளம் படைப்பாளர் 26 பேர், பழைய முறைத் திரைப்படத்தைக் கைவிட்டுப் புதியதொன்றைப் படைப்போம் என்று அறிக்கை வெளியிட்டனர். பிரான்ஸ் நாட்டுக் கிளர்மோன் ஃபெரான் என்னும் நகரில் 1979 ஆம் ஆண்டு பல்கலைக்கழக மாணவர்தம் திரைப்படக் கழகம் நடத்திய சிறு விழா ஒன்று, நாளடைவில் உலகப் பெருங்குறும்பட விழாவாக வளர்ந்தது.

விழாவிற்கு நேரிற் செல்ல இயலாதார் என் செய்வர்? அக்குறையை இணையம் நீக்கிற்று. 2005 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 23 ஆம் நாள் யூடியூப் தளத்தில் முதற்படம் ஏற்றப்பட்டது. ஜெர்மனியிற் பிறந்தவரும் அத்தளத்தை நிறுவிய மூவருள் ஒருவருமான ஜாவேத் கரீம் என்னும் 25 வயது இளைஞர், உயிர்க்காட்சிச் சாலையில் யானைகளின் முன் நின்று பேசும் 19 நொடிப் படம் அது. 2011 ஆம் ஆண்டு யூனிஃபிரான்ஸ் என்னும் நிறுவனம், இணையத்திலேயே நிகழும் பிரெஞ்சுப் படவிழா ஒன்றைத் தொடங்கிற்று. அதில் இளம் படைப்பாளரின் குறும்படங்களும் பல மொழிகளின் எழுத்து வரிகளுடன் இடம்பெற்றன. 2020 ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றினால் மக்கள் கூட இயலாது போனபோது, ஓபர்ஹௌசன் விழாவும் இணையத்திலேயே நடைபெற்றது.

ஐரோப்பாவில் ஏற்றப்பட்ட படம் திருவண்ணாமலைக்கு வந்து சேரும் வழியையும் அறிதல் நன்று. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 நிலைப்படங்கள் கண்முன் ஓடுகின்றன. எனவே பத்து நிமிடக் குறும்படத்தில் 14,400 நிலைப்படங்கள் உள்ளன. கணிப்பொறி இவற்றை எண்களாக மாற்றுகின்றது. அனைத்தையும் முழுமையாக அனுப்பினால் சுமை மிகும். ஆதலின் ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே மாறியவற்றை மட்டுமே பெரும்பாலும் அனுப்புகின்றனர். அண்ணாமலையின் முன் ஒருவர் நடந்து செல்லும் காட்சியைக் கொள்வோம். மலை மாறுவதில்லை, நடப்பவரே மாறுகின்றார். மலையை ஒருமுறை அனுப்பிவிட்டு, நடப்பவரின் அசைவை மட்டும் மீண்டும் மீண்டும் அனுப்பினாற் போதும். இவ்வாறு சுருக்கப்பட்ட செய்தி, சிறுசிறு பொதிகளாகக் கண்ணாடி இழைகளின் வழியே ஒளியாக ஓடுகின்றது. தென்கிழக்காசியாவையும் மேற்கு ஐரோப்பாவையும் இணைத்து, 18,000 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் கடலடி வடம் ஒன்று சென்னைக் கரையையும் பிரான்ஸ் நாட்டு மார்சேய்த் துறைமுகத்தையும் தொடுகின்றது. 2005 ஆம் ஆண்டு அது நிறைவுற்றது. பலரும் விரும்பிக் காணும் படங்களின் படிகளை அண்மையிலுள்ள கணிப்பொறிகளில் சேமித்து வைப்பதும் உண்டு. சாமிக்கண்ணு வின்சென்ட் பெட்டியிற் சுமந்ததை இன்று கண்ணாடி இழை சுமக்கின்றது.

ரமணாசிரமப் பகுதிக்கு இக்கலை புதியதன்று. மகரிஷி வாழ்ந்த காலத்திலேயே, அவரைக் காண வந்த அன்பர் சிலர் அவர் மலையில் நடப்பதையும் அடியாரிடையே அமர்ந்திருப்பதையும் ஊமைப் படச்சுருளில் பதிவு செய்தனர். சில நிமிடங்களே ஓடும் அத்துண்டுகள் இன்று இணையத்திலும் காணக் கிடைக்கின்றன. 1950 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 14 ஆம் நாள் இரவு மகரிஷி மறைந்தபோது, ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் என்னும் புகழ்பெற்ற பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் அங்கிருந்தார். முன்னர்ச் சில குறும்படங்களையும் எடுத்திருந்த அவர், அந்நாட்களின் ஆசிரமக் காட்சிகளை ஒளிப்படமாக்கினார். மகரிஷியும் தம் உரையாடல்களில் திரைப்படத்தை உவமையாகக் கூறியதுண்டு. திரையில் தீப்பற்றி எரியும் காட்சி தோன்றினும் திரை வேகுவதில்லை. வெள்ளம் பெருகினும் திரை நனைவதில்லை. படங்கள் வந்து போகும், திரை மாறாது நிற்கும் என்பது அவ்வுவமையின் கருத்து. மெய்ப்பொருளை விளக்க அவர் கூறிய இது, படம் காண்பாருக்கும் ஒரு பாடமாகும். ஓடும் காட்சிகளில் தன்னை இழந்துவிடாமல், காண்கின்றவன் நான் என்னும் நினைவோடு காண்பதே நற்காட்சி.

பிறர் எடுத்ததைக் காண்பதோடு தமிழர் நின்றுவிடவில்லை. 2009 ஆம் ஆண்டு கலைஞர் தொலைக்காட்சி தொடங்கிய நாளைய இயக்குநர் என்னும் நிகழ்ச்சி, இளைஞர் எடுத்த குறும்படங்களை மக்கள் முன் வைத்தது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி முதலியோர் அதன்வழி அறிமுகமாகிப் பின்னர் நெடும்பட இயக்குநராயினர். முதுமலைக் காட்டில் தாயை இழந்த யானைக்கன்றுகளை வளர்த்த பொம்மன், பெள்ளி என்னும் இணையரைப் பற்றிக் கார்த்திகி கொன்சால்வஸ் என்னும் பெண்மணி எடுத்த ஆவணக் குறும்படம் 2022 ஆம் ஆண்டு இணையத்தின் வழி உலகெங்கும் வெளிவந்தது. பழங்குடியினர் இருவரின் வாழ்வைக் காட்டிய அப்படம் 2023 ஆம் ஆண்டு ஆஸ்கர் விருதை வென்றது. நீலகிரிக் காட்டின் ஒரு மூலையில் பேசப்பட்ட தமிழ், எழுத்து வரிகளின் துணையால் ஐரோப்பியர் நெஞ்சையும் சென்று தொட்டது.

இவ்வளவு பயன் உடையதாயினும், இங்கே காத்துக்கொள்ள வேண்டிய குற்றங்கள் மூன்று உண்டு. முதலாவது, கைப்பேசியில் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டேயிருக்கும் நொடித் துண்டுகளைக் குறும்படம் என மயங்குதல். குறும்படத்திற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. முடிந்தபின் நின்று சிந்திக்க இடம் உண்டு. முடிவில்லாத துண்டுகள் சிந்திக்க இடந்தராமல் காலத்தை மட்டும் கவர்கின்றன. இரண்டாவது, பிறர் உழைப்பில் உருவான படத்தை உரிமையின்றிப் படியெடுத்துப் பரப்புதல். விழா நடத்துவோரோ படைத்தவரோ வெளியிட்ட இடத்திற் காண்பதே முறை. மூன்றாவது, இசைவு பெறாமல் ஒருவரைப் படம் எடுத்தல். கிரிவலப் பாதையோரத்தில் உறங்கும் துறவியும், உணவுக்காக வரிசையில் நிற்கும் முதியோரும் வேடிக்கைப் பொருளல்லர். அயல்நாட்டார் எடுப்பினும் நம்மவர் எடுப்பினும் இக்குற்றம் ஒன்றே. வறுமையைக் காட்டுதல் தவறன்று. வறியவரின் மானத்தை விலைப்படுத்துதலே தவறு. ழான் விகோ தம் நகரத்து எளியோரைக் காட்டியது அவர்பால் கொண்ட பரிவினால் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மாணவர்களே! அயலவர் நம் ஊரைப் படமாக்கும்போது அவர்கள் கண்ணிற் படுவது முழுநிலவும், மலையும், மக்கள் வெள்ளமுமே. அது இயல்பு, விருந்தினர் கண் புதுமையையே நாடும். ஆனால் முழுநிலவு நாளுக்கு மறுநாள் விடியற்காலையில், பதினான்கு கிலோமீட்டர்ப் பாதை முழுவதும் சிதறிக் கிடக்கும் இலைகளையும் தாள்களையும் கூட்டி அள்ளும் தூய்மைப் பணியாளரைப் படமாக்குவார் யார்? இரவெல்லாம் விழித்திருந்து பூத்தொடுத்த மூதாட்டியின் விரல்களைக் காட்டுவார் யார்? அவ்வூரிலேயே வாழ்வோர்க்கே அது கூடும். ஆம்ஸ்டர்டாம் நகரத்து மழையை அந்நாட்டு இளைஞர் காட்டியது போல, நம் தெருவை நாம்தான் காட்ட வேண்டும். நாம் காட்டாவிடில், பிறர் காட்டியதே நம் ஊர் என உலகம் கொள்ளும்.

அதற்குப் பெருங்கருவி வேண்டுவதில்லை. கூர்ந்து நோக்கும் கண்ணும், காட்டப்படுவோர்பால் அன்பும், வேண்டாததை விலக்கும் துணிவும் இருந்தாற் போதும். நல்ல அயல்நாட்டுக் குறும்படம் ஒன்றைக் கண்டபின் உங்களை நீங்களே மூன்று வினாக்கள் வினவுங்கள். இவர் எதனைக் காட்டினார்? எதனைக் காட்டாது விட்டார்? இதனை நம்மூரில் எடுப்பதாயின் எவ்விடத்தில் நின்று எடுப்போம்? இவ்வினாக்களோடு காண்பவர் வெறும் பார்வையாளராக நின்றுவிடார். ஒரு நாள் படைப்பாளராகவும் ஆவர்.